சம்பள நாளும் புரோட்டீன் டின்னும்: உடம்பு ஏற்ற நினைக்கும் மலையகத் தம்பிமாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"அண்ணா, ஆறு மாசமா வாறேன். கை அப்படியேதான் இருக்கு. எந்த புரோட்டீன் வாங்கலாம்?"

ஜிம்மில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்கிற தம்பி பகலில் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியிருப்பான், அல்லது டவுனில் கடை வேலை முடித்திருப்பான். களைப்போடு பஸ் பிடித்து வந்து ஒரு மணி நேரம் எடை தூக்குகிறான். அவன் முயற்சியில் குறை சொல்ல எதுவும் இல்லை. அதனால் நான் டின்னைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்று கேட்பேன்: "சனிக்கிழமை ராத்திரி எவ்வளவு குடிக்கிறாய்?"

பாதிப் பேர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். மீதிப் பேர் "அது சும்மா செட்டோட சேர்ந்து கொஞ்சம்தான்" என்பார்கள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு, அது தசைக்குள் என்ன செய்கிறது, டின்னில் இருக்கும் பவுடர் அதை ஈடுகட்டுமா என்பதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். குடிப்பவரைக் குற்றவாளியாக நிறுத்துவது என் நோக்கமல்ல. ஒரு டின் வாங்க எத்தனை நாள் வேலைக்குப் பேர் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்தக் காசு வீணாகக் கூடாது.

முதல் படி: போத்தலை விடுங்கள், கிராமில் எண்ணுங்கள்

"ரெண்டு பியர்", "ஒரு கால்" என்று எண்ணினால் நமக்கு ஒன்றும் புரியாது. உடம்புக்குள் போன சுத்தமான அற்ககோலின் எடைதான் கணக்கு. அதைக் கண்டுபிடிப்பது எளிது. மில்லிலீற்றர் அளவை லேபலில் உள்ள சதவீதத்தால் பெருக்கி 100 ஆல் வகுங்கள். வருவதை 0.79 ஆல் பெருக்கினால் கிராம் கிடைக்கும்.

நம் கடைகளில் கிடைக்கும் 625 மில்லிலீற்றர் லேகர் பியர் போத்தலை எடுத்துக்கொள்வோம். 4.8 சதவீதம் என்றால் ஒரு போத்தலில் ஏறக்குறைய 24 கிராம். அதே அளவு போத்தலில் 8.8 சதவீத ஸ்ட்ரோங் பியர் என்றால் 43 கிராம். இரண்டையும் "ஒரு பியர்" என்றுதான் சொல்கிறோம், ஆனால் ஒன்று மற்றதைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சாராயம் பெரும்பாலும் 33 சதவீதத்துக்கு மேல் இருக்கும். 180 மில்லிலீற்றர் கால் போத்தலில் 48 கிராம் அளவு, 375 மில்லிலீற்றர் அரைப் போத்தலில் கிட்டத்தட்ட 100 கிராம்.

கசிப்புக்கு இந்தக் கணக்கே கிடையாது. அதில் எத்தனை சதவீதம், வேறு என்ன கலந்திருக்கிறது என்பது காய்ச்சியவருக்கே தெரியாது. மெதனோல் கலந்துவிட்டால் கண் போகும், உயிரும் போகும். கசிப்பு குடிப்பவரிடம் தசையைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. முதலில் அதை விட வேண்டும்.

இப்போது உங்கள் உடல் எடையால் வகுத்துப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அரைப் போத்தல் சாராயம் குடித்தால் கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் வருகிறது. இந்த எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: தசைக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

எடை தூக்கும் நேரத்தில் தசை வளர்வதில்லை. அப்போது அது அடி வாங்குகிறது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, தூங்கி, அடுத்த நாளும் கடந்து போகும்போதுதான் உடம்பு புதுப் புரதத்தைக் கட்டித் தசையைப் பெரிதாக்குகிறது. நல்ல பயிற்சிக்குப் பிறகு இந்தக் கட்டுமான வேலை 24 மணி நேரத்துக்கு மேல், சில வேளை இரண்டு நாள் வரைக்கும் வேகமாக நடக்கும். அந்த வேலையைத் தொடங்கச் சொல்லும் சுவிட்ச் ஒன்று தசைச் செல்லுக்குள் இருக்கிறது. எம்டோர் என்பது அதன் பெயர். பயிற்சியும் புரதமும் அந்தச் சுவிட்சைப் போடும். மது அதை அமுக்கிவிடும்.

இதை அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் நேராகவே அளந்து பார்த்து 2014இல் வெளியிட்டார்கள். உடற்பயிற்சிப் பழக்கமுள்ள எட்டு ஆண்களுக்குக் கடுமையான பயிற்சி கொடுத்து, அதன் பிறகு கிலோவுக்கு 1.5 கிராம் வீதம் மது கொடுத்தார்கள். பயிற்சி முடிந்தவுடனும், நான்கு மணி நேரம் கழித்தும் 25 கிராம் வே புரோட்டீன். தொடையிலிருந்து சிறு துண்டு தசை எடுத்துச் சோதித்தபோது, புரோட்டீன் மட்டும் குடித்த நாளோடு ஒப்பிட்டால், புரோட்டீனோடு மதுவும் குடித்த நாளில் தசைக் கட்டுமானம் 24 சதவீதம் குறைந்திருந்தது. புரோட்டீன் இல்லாமல் மாச்சத்தோடு மது குடித்த நாளில் 37 சதவீதம்.

இரண்டாவது எண்ணை மட்டும் பார்த்து "அப்போ புரோட்டீன் குடிச்சிட்டு அடிச்சா பரவாயில்லைதானே" என்று ஒரு தம்பி சொன்னான். முதல் எண்ணைப் பாருங்கள். விலை கொடுத்து வாங்கிய பவுடரை நேரத்துக்கு இரண்டு தடவை குடித்தும் கால்வாசி வேலை நின்றுபோயிருக்கிறது. அந்த ஆய்வில் கொடுத்த அளவும், மேலே கணக்குப் பார்த்த அரைப் போத்தலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நியூசிலாந்தில் தொடைத் தசையைக் கடுமையாக வேலை வாங்கிவிட்டுக் கிலோவுக்கு 1 கிராம் மது கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியால் வரும் பலவீனம், மது குடித்தவர்களுக்கு அடுத்த நாட்களில் இன்னும் அதிகமாக இருந்தது. அதே குழுவினர் அளவைப் பாதியாக்கி, கிலோவுக்கு 0.5 கிராம் கொடுத்தபோது அப்படியான கூடுதல் பாதிப்பு தெரியவில்லை. 60 கிலோ ஆளுக்கு அது 30 கிராம், அதாவது ஒரு சாதாரண லேகர் போத்தலும் கொஞ்சமும். ஆகவே ஒரு பியர் குடித்ததால் மாதம் முழுக்கச் செய்த பயிற்சி கரைந்துபோகும் என்று பயமுறுத்துபவர்களை நம்ப வேண்டாம். இரண்டாவது போத்தலில் இருந்து கதை மாறுகிறது. ஸ்ட்ரோங் என்றால் முதல் போத்தலிலேயே மாறிவிடுகிறது. இது தசைக்கான கணக்கு மட்டும்தான். புற்றுநோய் போன்றவற்றைப் பொறுத்தவரை, பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதை உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. உடம்பில் நீரின் பங்கு ஆண்களைவிடக் குறைவு என்பதால் அதே அளவு மது பெண்ணின் இரத்தத்தில் அதிகச் செறிவாக நிற்கும். மேலே சொன்ன அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கர்ப்பமாக இருந்தால் ஒரு சொட்டும் வேண்டாம்.

மூன்றாம் படி: தூக்கம், குளிர், தண்ணீர்

"குடிச்சாத்தான் நல்லாத் தூங்குறேன்" என்பார்கள். கண் மூடுவது சீக்கிரம் நடக்கும், அது உண்மை. ஆனால் பின்னிரவில் தூக்கம் துண்டு துண்டாகும், கனவு வரும் தூக்கம் குறையும், ஆழ்ந்த தூக்கத்தில் சுரக்கும் வளர்ச்சி ஹோர்மோனும் குறையும். அளவு கூடினால் டெஸ்டோஸ்டெரோனும் இறங்கும். தசை பழுதுபார்க்கப்பட வேண்டிய இரவு வீணாகிப் போகிறது.

மலையகத்தில் எல்லோரும் சொல்லும் அடுத்த காரணம் குளிர். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். தை, மாசியில் இரவுக் குளிர் எலும்புக்குள் இறங்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் மது உடம்பைச் சூடாக்குவதில்லை. தோலுக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்களை விரிக்கிறது. உள்ளே இருக்க வேண்டிய சூடு தோலுக்கு வருவதால் நமக்குக் கதகதப்பாகத் தெரிகிறது. அந்தச் சூடு அப்படியே காற்றில் போய், உடம்பின் உள் வெப்பம் இறங்குகிறது. மழையில் நனைந்து வந்த இரவில் போதையோடு வெளியே படுத்துவிட்டால் ஆபத்து. குளிருக்கு ஸ்வெட்டரும், சூடான இஞ்சித் தேத்தண்ணீரும், வயிறு நிறையச் சோறும் செய்கிற வேலையைச் சாராயம் செய்யாது.

நீரைப் பொறுத்தவரை, சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹோர்மோனை மது தடுத்துவிடும். அதனால்தான் குடித்தவர் அடிக்கடி எழுந்து போகிறார். குளிர்ப் பிரதேசத்தில் தாகம் தெரியாது என்பதால் பயிற்சி செய்யும்போதே நாங்கள் தண்ணீர் குறைவாகத்தான் குடிக்கிறோம். அதற்கு மேல் இதுவும் சேர்ந்தால் அடுத்த நாள் தலைவலியும் தசைப்பிடிப்பும் வரும்.

நான்காம் படி: டின்னையும் மாத்திரையையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்

வே புரோட்டீன் நல்ல சாமான். அது மருந்தல்ல, பாலில் இருந்து எடுத்த புரதம். மதுவோடு சேர்ந்தால் விஷமாகாது. ஆனால் மது அமுக்கிய சுவிட்சை அதனால் முழுதாகப் போட முடியாது. குடித்த இரவில் இரண்டு ஸ்கூப் போட்டால் ஈடாகும் என்று நினைப்பது காசைக் கரைப்பது.

கிரியேட்டின் அதிகம் ஆராயப்பட்ட சப்ளிமென்ட்களில் ஒன்று. நாளுக்கு 3 முதல் 5 கிராம் போதும். முதல் வாரம் அள்ளிப் போட வேண்டிய அவசியமில்லை. அது தசைக்குள் நீரை இழுத்து வைத்துக்கொண்டு, இன்னும் இரண்டு தடவை கூடுதலாகத் தூக்க உதவுகிறது. மது கிரியேட்டினை அழித்துவிடும் என்று ஒரு கதை உலாவுகிறது. அது சரியல்ல. அந்தக் கூடுதல் இரண்டு தடவை தூக்கியதன் பலனைத்தான் மது பறிக்கிறது. குடித்த நாளிலும் வழமையான அளவை எடுக்கலாம், தண்ணீர் மட்டும் கூடக் குடியுங்கள். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாது. இரத்தப் பரிசோதனைக்குப் போனால் கிரியேட்டின் எடுப்பதைச் சொல்லிவிடுங்கள், கிரியேட்டினின் அளவு கொஞ்சம் கூடிக் காட்டும். (நம் ஊர் மழைக்காலத்து ஈரத்தில் கிரியேட்டின் கட்டிப்பட்டுப் போகும். உலர்ந்த கட்டியாக இருந்தால் உடைத்துப் பாவிக்கலாம், கெட்டுப்போகவில்லை.)

எனக்குப் பயமே பயிற்சிக்கு முன் குடிக்கும் பிரீ ஒர்க்கவுட் பவுடரில்தான். ஒரு ஸ்கூப்பில் 150 முதல் 300 மில்லிகிராம் வரை கஃபீன் இருப்பது சாதாரணம். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம்தான் மேல் எல்லை, அதில் காலையிலிருந்து குடித்த தேத்தண்ணீரும் அடங்கும். ஞாயிறு காலை போதை தெளியாமல் வந்து, "அடிச்சா சரியாகும்" என்று ஒரு ஸ்கூப் போட்டுவிட்டுக் கனமான எடை தூக்கிய ஒருவர் நெஞ்சு படபடத்து உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். கஃபீன் போதையைக் குறைக்காது, போதை தெரியாமல் மறைக்கும். நீர் குறைந்த உடம்பில் இதயத்துடிப்பு தாறுமாறாகலாம். குடிக்கும் முன்பும் வேண்டாம், குடித்த அடுத்த நாளும் வேண்டாம்.

கொழுப்பைக் கரைக்கும் என்று விற்கும் ஃபேட் பேர்னர் மாத்திரைகளில் பலவற்றில் பச்சைத் தேயிலைச் சாறு இருக்கும். தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாம், தேயிலை என்ன செய்துவிடும் என்று தோன்றும். குடிக்கிற தேத்தண்ணீரில் ஆபத்தில்லை. மாத்திரையில் இருப்பது பல கோப்பைத் தேயிலையின் சாரத்தைப் பிழிந்து கெட்டியாக்கியது. அதிலுள்ள ஈஜிசிஜி என்ற பொருள் நாளுக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஈரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரியலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018இல் எச்சரித்தது. ஏற்கெனவே மதுவோடு மல்லாடிக்கொண்டிருக்கும் ஈரலில் இதையும் ஏற்றாதீர்கள். ஈரலைச் சுத்தம் செய்யும் என்று விற்கும் மாத்திரைகளுக்கும் காசு கொடுக்க வேண்டாம். மதுவை நிறுத்தினாலே ஈரல் தன்னால் முடிந்த அளவு தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

பெனடோலைச் சப்ளிமென்டாக யாரும் நினைப்பதில்லை, ஆனால் உடம்பு வலிக்கு முதலில் கை போவது அதற்குத்தான். தொடர்ந்து குடிப்பவரின் ஈரலுக்கு, அதிலுள்ள பரசிட்டமோல் வழமையைவிடக் கூடிய ஆபத்து. டைக்ளோஃபெனக், இபுபுரோஃபன் போன்ற வலி மாத்திரைகளை மதுவோடு எடுத்தால் வயிற்றில் புண்ணும் இரத்தக் கசிவும் வரலாம். "உடம்பு வலி, ஒரு கால் அடிச்சா போயிரும்" என்று அப்பா காலத்திலிருந்து கேட்டு வந்திருக்கிறோம். வலி போவதில்லை, தெரியாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

பெயர் தெரியாத ஸ்டெரொயிட் மாத்திரையை யாராவது கையில் திணித்தால் வாங்க வேண்டாம். வாயால் எடுக்கும் ஸ்டெரொயிட்களில் பெரும்பாலானவை ஈரலைத் தாக்கும். மதுவும் கூடச் சேர்ந்தால் இருபது வயதிலேயே கண்ணும் தோலும் மஞ்சளாகிவிடலாம்.

ஐந்தாம் படி: டின்னுக்கு முன்னால் தட்டு

தசை ஏற்ற நினைப்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதுமானது. 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 50 கிராம் உலர்ந்த சோயா மீட்டில் 25 கிராம் அளவு, 100 கிராம் உலர்ந்த பருப்பில் 24, 100 கிராம் சமைத்த கோழியிறைச்சியில் 27க்கு மேல். டின் மீன், நெத்தலிக் கருவாடு, அவித்த கடலை, கௌபி, பால்மா எல்லாமே கணக்கில் வரும். நம் வீட்டுக் காலைச் சாப்பாடு ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணீரும். அதில் புரதம் மிகக் குறைவு. அந்தத் தட்டில் இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் பருப்பும் சேர்ந்தாலே ஆறு மாதமாக அசையாத கை அசையத் தொடங்கும்.

இப்போது மதுவின் கலோரி. ஒரு கிராமுக்கு 7 கலோரி. அரைப் போத்தலில் 700, பைட்ஸுக்கு வரும் எண்ணெயில் பொரித்த கோழியும் கடலையும் தனி. உடம்பு மதுவை முதலில் எரிக்கும், கொழுப்பை ஒதுக்கி வைக்கும். கை மெலிந்து வயிறு மட்டும் முன்னால் வருவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஆறாம் படி: வாரத்தையும் மாதத்தையும் திட்டமிடுங்கள்

முழுதாக விட முடிந்தால் விடுங்கள், அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. 21 வயது ஆகாதவருக்கு மது விற்பதே நம் நாட்டில் சட்டப்படி குற்றம், ஆகவே 18, 19 வயதுத் தம்பிமாருக்கு இந்தப் படி தேவைப்படாது. மற்றவர்கள் இப்படிச் செய்து பாருங்கள்.

சனி இரவுதான் உங்கள் குடி நேரம் என்றால், கால், முதுகு, நெஞ்சு போன்ற பெரிய தசைகளுக்கான பயிற்சியைத் திங்கள், புதன், வியாழனில் முடியுங்கள். சனி மாலை ஜிம்முக்கு வந்து கடுமையாகச் செய்துவிட்டு நேரே போய் உட்காருவதுதான் மிக மோசமான திட்டம். கட்டுமான வேலை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் அதை அமுக்குகிறீர்கள். வெள்ளிக்கிழமைப் பயிற்சியும் ஓரளவு அடிபடும்.

குடிக்கப் போகும் முன் சோறும் கறியும் சாப்பிட்டுப் போங்கள். மது இரத்தத்தில் மெதுவாக ஏறும், பசியில் அள்ளிக் குடிப்பதும் குறையும். ஒரு கிளாஸுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர். கிலோவுக்கு அரை கிராமை எல்லையாக வைத்து, அது எத்தனை கிளாஸ் என்று வீட்டிலேயே கணக்குப் பார்த்துவிட்டுப் போங்கள். அங்கே உட்கார்ந்த பிறகு எந்தக் கணக்கும் நிற்காது. போத்தலை நடுவில் வைத்துப் பகிர்வதைவிட உங்களுக்கென்று ஒரு லேகரை வாங்கிக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. யாரும் கிளாஸை நிரப்ப முடியாது.

சம்பள நாள் வேறு விதம். கையில் காசு, தவறணை வழியில், கூட வேலை செய்தவர் தோளில் கை போட்டுக் கூப்பிடுகிறார். அன்றைக்கு நான் சொல்லும் ஒரே வழி, சம்பளத்தை வீட்டில் கொடுத்துவிட்டு, உடுப்பை மாற்றிக்கொண்டு ஜிம்முக்கு வந்துவிடுவது. மாமா, மச்சான் வற்புறுத்தினால் "நாளைக்கு ஜிம் மச்சான்" என்பதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. "மாத்திரை எடுக்கிறேன்" என்பதும் வேலை செய்யும். கல்யாண வீடும் தீபாவளியும் வருடத்தில் சில நாட்கள்தான், அவற்றை நினைத்து மனம் குமைய வேண்டாம்.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் எவ்வளவு குடிப்பவரும் மதுவைத் தொடாமல் இருப்பதை நம் தோட்டங்களில் வருடா வருடம் பார்க்கிறோம். காமன் கூத்தில் வேஷம் கட்டுபவர்களும் அப்படித்தான் விரதம் இருப்பார்கள். அந்த நாட்களோடு சேர்த்து மதுவைத் தொடாத எட்டு வாரத்தைத் தொடங்குங்கள். வீடும் ஊரும் உங்களோடு நிற்கும் நேரம் அது.

ஏழாம் படி: குடித்த அடுத்த நாள்

ஈரல் ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம் மதுவைத்தான் கழிக்கும். அரைப் போத்தலுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேண்டும். சனி இரவு 11 மணிக்கு முடித்தவருக்கு ஞாயிறு காலையும் இரத்தத்தில் மது மிச்சம் இருக்கும். பிளாக் கோப்பியும் குளிர்ந்த தண்ணீர்க் குளியலும் அதை வேகப்படுத்தாது. அன்றைக்கு எடை தூக்க வேண்டாம், மோட்டார் சைக்கிளையும் எடுக்க வேண்டாம். தண்ணீர், கஞ்சி, முட்டை, இளநீர் கிடைத்தால் இளநீர், பின்னேரம் கொஞ்சம் நடை, அவ்வளவு போதும்.

கடும் பயிற்சியும் அதிக மதுவும் அடுத்தடுத்து வந்து, தசை வீங்கி, தொட முடியாமல் வலித்து, சிறுநீர் பால் போடாத தேத்தண்ணீர் நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உடைந்த தசை சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது. "தூங்கி எழும்பினா சரி" என்று காத்திருக்கக் கூடாது. தோட்டத்திலிருந்து வாகனம் கிடைக்காவிட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், காசு எடுக்க மாட்டார்கள்.

எட்டாம் படி: விட முடியாதவர்களுக்கு

தினமும் குடிப்பவர், காலையில் கை நடுங்கினால் கொஞ்சம் குடித்தால்தான் நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருந்தால், திடீரென்று தானாக நிறுத்தக் கூடாது. வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகும். அரசாங்க ஆஸ்பத்திரியில் சொல்லி, அவர்கள் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும். மனநலத்துக்கான 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்துப் பேசலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. என் ஜிம்முக்கு வருகிற ஒரு அண்ணன் அப்படித்தான் பத்து நாள் வார்டில் இருந்துவிட்டு வந்தார். முதல் மாதம் வெறும் நடைதான் கொடுத்தேன். இப்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருகிறார்.

மற்றவர்கள் ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு பயிற்சி நாளும் தூக்கிய எடையும் எத்தனை தடவை என்பதும், ஒவ்வொரு இரவும் தூங்கிய நேரம், குடித்திருந்தால் எத்தனை கிராம், அன்றைய முட்டைக்கும் பருப்புக்கும் கணக்கு. வாரத்துக்கு ஒரு தரம், ஞாயிறு காலை சாப்பிடும் முன், நாடாவால் கையையும் வயிற்றையும் அளந்து எழுதுங்கள். எட்டு வாரம் கழித்து அந்தக் கொப்பியைக் கொண்டு வாருங்கள். எந்த டின் வாங்கலாம், டின் தேவையா என்று அதைப் பார்த்துக்கொண்டே பேசலாம்.